மொரிஸ் மைனரின் குரல்

எங்கள் வீட்டுக் கொட்டிலில் நிற்கும் மொரிஸ் மைனர் காருக்கு என்னைவிட வயது அதிகம். ஆலையடிவேம்பில் ஆசிரியராக இருந்த என் தந்தையார், நான் பிறப்பதற்கு முன்பே அதனை ஒருவர் பாவித்த காராகத்தான் வாங்கினார். அவர் காலமான பின்னும் அது விற்கப்படவில்லை. மாதத்தில் இரண்டு மூன்று தடவை அக்கரைப்பற்றுச் சந்தைக்கும், எப்போதாவது தம்பிலுவில் வரைக்கும் ஓடுகிறது. அதற்கு மேல் அதனிடம் நாம் எதையும் கேட்பதில்லை.

கடந்த மாரியில் ஒரு நாள் காலை, சந்தைக்குத் திரும்பும் முனையில் ஆடொன்று குறுக்கே பாய்ந்தது. ஹோர்ன் பித்தானை அழுத்தினேன். முன்பக்கத்தில் 'டக்' என்று ஓர் ஒலி மாத்திரம் கேட்டது. மீண்டும் அழுத்தினேன், அதுவும் இல்லை. ஆடு தப்பிவிட்டது. ஆனால் அறுபது வருடங்களுக்கு மேலாக எங்கள் தெருவுக்குப் பழகியிருந்த ஒரு குரல் அன்று நின்றுபோயிற்று.

"புதுசு ஒண்டு வாங்கிப் பூட்டுங்க சேர், அரை மணித்தியால வேலை" என்றார் உதிரிப்பாகக் கடை இளைஞர். அவர் சொன்னது பொய்யல்ல. பன்னிரண்டு வோல்ட் ஹோர்ன் எந்தக் கடையிலும் கிடைக்கும். இருந்தும் எனக்கு மனம் வரவில்லை. அதற்குக் காரணம் பழைய பொருள் மீதுள்ள பற்று மாத்திரம் அல்ல. அந்த ஹோர்னுக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் ஒரு பங்கு உலகத்துடையது; ஒரு பங்கு இந்தக் கரையுடையது; மிகச் சிறிய ஒரு பங்கு எங்கள் வீட்டுடையது. அந்த ஒழுங்கிலேயே சொல்கிறேன்.

கொம்பிலிருந்து ஹோர்ன் வரை

ஆங்கிலத்தில் 'ஹோர்ன்' என்றால் மாட்டின் கொம்பு. அதே கொம்பைக் குடைந்து ஊதிய கருவிக்கும் அதே பெயர். தமிழிலும் அப்படித்தான், விலங்கின் தலையில் இருப்பதும் கொம்பு, கோயில் வீதியில் ஊதப்படுவதும் கொம்பு. வழியில் வருகிறோம் என்பதைப் பிறருக்கு அறிவிக்கும் ஒலி மோட்டார் வாகனத்தோடு பிறந்ததல்ல. எங்கள் வயல் பாதைகளில் மாட்டு வண்டிகளின் சலங்கை ஒலி அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது.

மோட்டார் வாகனம் வீதிக்கு வந்தபோது அந்த அறிவிப்பு சட்டமாயிற்று. 1896 ஆம் ஆண்டு பிரித்தானியாவில் நிறைவேறிய நெடுஞ்சாலை வாகனச் சட்டம், ஒவ்வொரு வண்டியும் ஒரு மணியையோ, போதிய எச்சரிக்கை தரக்கூடிய வேறொரு கருவியையோ கொண்டிருக்க வேண்டும் என்று விதித்தது. முதலில் வந்தது ரப்பர்ப் பந்து ஹோர்ன். பந்தை அமுக்கினால் காற்று ஒரு பித்தளை நாக்கைக் கடந்து குழலுக்குள் பாயும். 'பாம்' என்ற சத்தம் எழும். எங்கள் பிள்ளைப் பிராயத்தில் ஐஸ்பழம் விற்பவரின் சைக்கிளில் தொங்கியதும் அதுதான். காய்ந்து வெடிக்கும் ரப்பரும், களிம்பேறும் பித்தளை நாக்குமே அதன் இரண்டு நோய்கள்.

வாகனங்களின் வேகம் கூடியதும் 'பாம்' போதாமற் போயிற்று. அமெரிக்கரான மில்லர் ரீஸ் ஹட்ச்சிசன் உருவாக்கிய 'கிளாக்ஸன்' 1908 இல் சந்தைக்கு வந்தது. ஒரு மெல்லிய உலோகத் தகட்டின் நடுவில் ஒரு குமிழ், அதன் மீது பல்லுள்ள சக்கரம் ஒன்று உரசிச் சுழலும், தகடு அலறும். கூச்சலிடுதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அந்தப் பெயர் எடுக்கப்பட்டது. இதே ஹட்ச்சிசன் காது கேளாதோருக்கான மின் கருவியையும் கண்டுபிடித்தவர். முதலில் கிளாக்ஸனால் மக்களைச் செவிடாக்கிப் பிறகு கேட்கும் கருவியை விற்பதே அவரது திட்டம் என்று அக்காலத்தில் பகடி செய்தார்களாம். முதலாம் உலகப் போரின் பதுங்கு குழிகளில், நச்சுவாயு வருகிறது என்று அறிவிக்கவும் கிளாக்ஸன் பயன்பட்டது. எச்சரிக்கை ஒலி ஒன்று எத்தனை உயிர்களுக்குப் பொறுப்பாக முடியும் என்பதை அந்தக் குழிகளில் இருந்தவர்கள் அறிந்திருந்தனர்.

இன்று நாம் கேட்கும் ஹோர்னின் மூதாதை பிறந்தது இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில். சைக்கிள் விளக்குகளால் பெயர் பெற்ற ஜோசப் லூக்காஸின் குடும்ப நிறுவனத்தில், அவரது பேரன் ஒலிவர் லூக்காஸ் 1910 இல் மின்சார ஹோர்ன் ஒன்றை வடிவமைத்தார். பின்னர் பிரித்தானியக் கார்களில் பெரும்பாலானவற்றின் விளக்கும், டைனமோவும், ஹோர்னும் லூக்காஸ் பெயரையே தாங்கி வந்தன. இந்தத் தொடர்பு தமிழ்நாட்டுக்கும் வந்தது. 1960களின் தொடக்கத்தில் சென்னையில் லூக்காஸ் நிறுவனமும் டி.வி.எஸ். குழுமமும் இணைந்து லூக்காஸ் டி.வி.எஸ். தொழிற்சாலையை நிறுவின. இன்று இந்தியாவில் ஹோர்ன் என்றால் நினைவுக்கு வரும் ரூட்ஸ் நிறுவனம் இயங்குவது கோயம்புத்தூரில்.

இந்தக் கரைக்கு வந்த கார்கள்

மொரிஸ் மைனர் 1948 ஒக்டோபரில் லண்டன் மோட்டார்க் கண்காட்சியில் அறிமுகமானது. அதை வடிவமைத்தவர், பிற்காலத்தில் 'மினி' காரையும் வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ். ஒக்ஸ்போர்ட்டுக்கு அருகிலுள்ள கவுளி தொழிற்சாலையிலிருந்து பெருந்தொகையாக வெளிவந்த இந்தக் கார், பிரித்தானியாவில் பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்ட முதற் காராக 1960 இன் முடிவில் பெயர் பெற்றது. 1971 இல் உற்பத்தி நின்றபோது ஏறத்தாழ 16 இலட்சம் மைனர்கள் உலகெங்கும் சென்றிருந்தன. இலங்கையில் ஆசிரியர், வைத்தியர், கிராமத் தலைவர், தபாலதிபர் ஆகியோர் கார் என்று ஒன்றை வாங்க முடிந்தால், அது பெரும்பாலும் மைனராகவோ ஒஸ்டினாகவோ இருந்தது.

கிழக்கின் தென்பகுதியில் மோட்டார் வாகனங்களின் பெருக்கம் 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தோடு சேர்ந்தது. அணை கட்ட வந்த அமெரிக்க நிறுவனத்தின் பார இயந்திரங்களும், அபிவிருத்திச் சபையின் ஜீப்புகளும், லொறிகளும் இப்பகுதி மக்கள் அதுவரை கண்டிராதவை. அப்போது இது மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி. 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. வாகனங்கள் வந்தால் அவற்றைத் திருத்துவோரும் வருவர். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரையிலான கடற்கரைப் பெருவீதியில் கராஜ்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. அவற்றில் பல முஸ்லிம்களுடையவை. காரை வைத்திருந்தவர் தமிழரானாலும் முஸ்லிமானாலும் அதன் நோயைத் தீர்க்கும் இடம் ஒன்றாகவே இருந்தது.

எங்கள் காரின் இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்துகள் இருப்பதைப் பார்த்தே அதன் வயதைக் கணிக்கலாம். 1957 முதல் புதிய வாகனங்களுக்கு ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாகச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து விதிக்கப்பட்டது. தமிழ்ப் பகுதிகளில் அதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. 1958 இல் 'ஸ்ரீ' பொறித்த புதிய அரச பேருந்துகள் வடக்குக்கு அனுப்பப்பட்டபோது அந்த எழுத்தின் மீது தார் பூசும் போராட்டம் நடந்தது. தெற்கில் தமிழ் எழுத்துகள் மீது தார் பூசப்பட்டது. அவ்வருடம் ஏப்ரலில் பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்டது; மே மாதம் இனக்கலவரம் வெடித்தது. ஒரு காரின் முன்முகத்தில் நான்கு அங்குல உயரத்துக்கு நாட்டின் வரலாறு எழுதப்பட்டிருந்த காலம் அது. அந்தத் தகட்டுக்குச் சற்றுப் பின்னால், யார் கண்ணிலும் படாமல், ஹோர்ன் இருந்தது.

தட்டுப்பாடு கற்பித்த பாடம்

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாகக் கார் இறக்குமதி இறுகியது. உதிரிப்பாகங்களும் அருமையாயின. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, ஏறத்தாழ ஒன்றரைத் தசாப்தம், இருக்கிற காரை ஓட வைப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. இங்கிலாந்தில் ஹோர்ன் நின்றால் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் பூட்டுவர். இங்கே அதைத் திறந்தே ஆக வேண்டும். தயாரித்தவர்கள் திறப்பதற்காக அதைச் செய்யவில்லை. விளிம்பைச் சுற்றித் தறையாணிகளால் இறுக்கி மூடியிருந்தார்கள். அந்த ஆணிகளின் தலையைத் துளைத்து அகற்றவும், அவற்றின் இடத்தில் சிறிய பித்தளை ஆணிகளையும் நட்டுகளையும் இட்டு மீண்டும் மூடவும் எங்கள் கராஜ்காரர் கற்றுக்கொண்டது அந்தக் காலத்தில்தான்.

யாழ்ப்பாணத்தின் அனுபவம் இன்னும் கடுமையானது. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் கிடைக்காமல், ஒஸ்டின் ஏ40 களும் மொரிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். புகை கக்கிக்கொண்டு நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் ஏற்றிச் சென்ற அந்தக் கார்களை, அவற்றை வடிவமைத்தவர்கள் கண்டிருந்தால் நம்பியிருக்கமாட்டார்கள்.

இந்தத் திறமைக்கு உலகச் சந்தையிலும் ஒரு மதிப்பு இருந்தது. 1990களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர்களைப் புதுப்பித்து வந்த சார்ள்ஸ் வெயாரின் நிலையம், மைனருக்கான உதிரிப்பாகங்களைத் தென்னிலங்கையில் செய்விக்க ஏற்பாடு செய்தது. கார் பிறந்த நாட்டுக்கே அதன் பாகங்கள் இங்கிருந்து திரும்பிச் சென்றன.

தட்டுப்பாட்டுக் காலம் முடிந்துவிட்டது என்று நாம் நினைத்திருக்க, 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான அந்தத் தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. அந்த ஐந்து வருடங்களில், கொட்டில்களில் கோழி முட்டையிட்டுக் கொண்டிருந்த பழைய கார்கள் பல மீண்டும் வீதிக்கு வந்ததைக் கண்டோம். ஆனால் அவற்றைத் திருத்தத் தெரிந்தவர்கள் அதற்குள் கிழவர்களாகிவிட்டிருந்தார்கள்.

1990 இல் நடந்தது

இனி எங்கள் வீட்டுப் பங்கு.

ஆலையடிவேம்பும் அக்கரைப்பற்றும் ஒட்டிப் பிறந்த ஊர்கள். ஒன்று எங்கே முடிகிறது, மற்றது எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. உள்ளூர்க்காரருக்கு நன்றாகத் தெரியும். தெரியத்தான் வேண்டும் என்ற நாள்களும் இருந்தன. 1985 ஏப்ரலில் இந்தக் கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே வன்முறை மூண்டது. 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியபின் நிகழ்ந்தவை அதனினும் கொடியவை. இரு தரப்பிலும் கொல்லப்பட்டவர்களின் பெயர்கள் இரு தரப்பு வீடுகளிலும் இன்றும் உச்சரிக்கப்படுகின்றன. யார் தொடங்கியது என்ற கணக்கைத் தீர்க்க நான் இதை எழுதவில்லை.

அந்த ஜூன் மாதத்தின் முதல் நாள்களில் எங்கள் மைனரின் ஹோர்ன் பழுதடைந்தது. தந்தையார் அதைக் கழற்றி, அக்கரைப்பற்றில் தமக்கு வழக்கமான கராஜில் கொடுத்துவிட்டு வந்தார். இரண்டு நாளில் தருவதாக மெக்கானிக் காக்கா சொல்லியிருந்தார். இரண்டு நாளில் வீதி மூடப்பட்டது. கார் கொட்டிலுக்குள் போயிற்று. நாங்கள் வேறு ஊருக்குப் போனோம். சில நூறு யார் தூரத்தில் இருந்த கராஜ் மிகத் தூரத்து இடமாகிவிட்டது. ஹோர்னைப் பற்றி எவரும் நினைக்கவில்லை. உயிரைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்த காலம்.

ஏறத்தாழ இரண்டு வருடங்களின் பின், நெல் வியாபாரத்துக்காக இரு பக்கமும் போய்வரத் தொடங்கியிருந்த ஒருவர் ஒரு பொதியைக் கொண்டுவந்து தந்தார். எண்ணெய் தடவிய பத்திரிகைத் தாளில் சுற்றப்பட்டிருந்தது எங்கள் ஹோர்ன். கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு, கூலி பற்றி ஒன்றும் சொல்லிவிடப்படவில்லை என்றார். தந்தையார் அன்றே அதைப் பூட்டினார். ஒரு தடவை அழுத்தினார். பிறகு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கப் போகவில்லை.

கடை இளைஞரிடம் புதிய ஹோர்ன் வாங்காமல் நான் திரும்பியது இதனால்தான்.

திறந்து பார்த்தபோது

அந்த மெக்கானிக் காக்கா இன்றும் இருக்கிறார். எண்பதை நெருங்கிவிட்டார். இரண்டு கண்களிலும் பார்வை மங்கிவிட்டது. கராஜை மகன் நடத்துகிறார். அதில் இப்போது கணினி வைத்துப் புதிய கார்களைச் சோதிக்கிறார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். "ஹோன் சாகல்ல தம்பி. அதுட தொண்டதான் கட்டிக் கெடக்கு" என்றார் காக்கா. "மொதல்ல பியூஸப் பாருங்க."

பார்த்தோம். மைனரின் பியூஸ் பெட்டியில் இரண்டே இரண்டு கண்ணாடிப் பியூஸ்கள்தாம். ஹோர்னுக்குரியது கருகியிருந்தது. இங்கே ஒரு எச்சரிக்கையைச் சொல்ல வேண்டும். பழைய பிரித்தானியப் பியூஸில் 35 அம்பியர் என்று எழுதியிருந்தால், அந்த மின்னோட்டத்தில் அது எரிந்துவிடும் என்று பொருள். தொடர்ந்து தாங்குவது அதில் ஏறத்தாழ பாதிதான். இன்றைய பியூஸ்களில் எழுதியிருப்பது தொடர்ந்து தாங்கும் அளவு. இலக்கம் ஒன்றாக இருக்கிறதே என்று இன்றைய 35 அம்பியர் பியூஸைப் பூட்டினால், பியூஸ் இருக்கும், வயர் எரியும்.

சரியான பியூஸ் இட்டதும் மீண்டும் ஒரு 'டக்'. மீண்டும் பியூஸ் போயிற்று. காக்கா தலையாட்டினார். நோய் அவருக்கு விளங்கிவிட்டது. வாசகருக்கு விளங்க, ஹோர்ன் எப்படிப் பாடுகிறது என்று சொல்ல வேண்டும்.

ஹோர்னுக்குள் ஒரு மின்காந்தம் இருக்கிறது. அதற்கு எதிரே, மெல்லிய எஃகுத் தகடொன்றின் நடுவில் ஓர் இரும்புத் துண்டு பொருத்தப்பட்டிருக்கிறது. பித்தானை அழுத்தினால் மின்சாரம் ஓடும், காந்தம் இரும்பை இழுக்கும், தகடு வளையும். அப்படி இழுக்கப்படும் இரும்பே, தன் பயணத்தின் முடிவில், மின்சாரம் செல்லும் இரண்டு தொடுமுனைகளைத் தள்ளிப் பிரித்துவிடும். மின்சாரம் நிற்கும், தகடு பழைய நிலைக்கு மீளும், முனைகள் மீண்டும் தொடும், மீண்டும் இழுக்கும். ஒரு செக்கனில் சில நூறு தடவைகள் இது நடக்கிறது. ஒவ்வொரு தடவையும் இரும்பு காந்தத்தின் முகத்தில் மோத, முன்னாலுள்ள சிறிய தட்டொன்று அதிர்ந்து, அந்த மொத்த ஒலிக்குக் கூர்மை தருகிறது. பெரிய கார்களில் இருந்த மற்றைய வகையில், தட்டுக்குப் பதிலாக நத்தை ஓடு போலச் சுருண்ட குழலொன்று இருக்கும். அதன் குரல் இன்னும் இனியது.

ஆக, தொடுமுனைகள் பிரியாவிட்டால் ஒரே ஒரு தடவை இழுத்தபடி இரும்பு நின்றுவிடும். அதுதான் 'டக்'. மின்சாரம் இடைவிடாது பாயும், பியூஸ் எரியும். கடலிலிருந்து எங்கள் வீடு அதிக தூரமில்லை. உப்புக் காற்று அறுபது வருடங்களில் செய்த வேலை இது.

பித்தளை நட்டுகள் கழன்றன. 1990 இல் காக்காவின் கையால் இடப்பட்டவை. மூடியைத் தூக்கியதும் தகட்டின் விளிம்பெங்கும் துரு. முனைகள் கறுத்து ஒட்டிக் கிடந்தன. தகட்டுக்கும் உடலுக்கும் இடையில் ஒரு வட்ட மட்டை இருந்தது. ஈரத்தில் ஊறிப் பாதி உக்கியிருந்த அந்த மட்டையில் ஏதோ அச்செழுத்து. துடைத்துப் பார்த்தேன். ஏழாம் வாய்பாடு.

"அது என்ட மகள்ர கொப்பி மட்ட" என்றார் காக்கா, நான் வாசித்துக் காட்டியதும். "கடையெல்லாம் பூட்டு. வேற மட்ட இல்ல. கொப்பி மட்டதான் சரியான மொத்தம்."

அந்த மட்டை அலங்காரத்துக்கு இடப்படுவதல்ல. காந்தத்துக்கும் இரும்புக்கும் இடையிலுள்ள தூரத்தை நிர்ணயிப்பது அதன் தடிப்புத்தான். தடித்தால் காந்தம் எட்டாது, மெலிந்தால் ஒட்டிக்கொள்ளும். ஊர் எரிந்துகொண்டிருந்த நாள்களில், வருவாரா என்றே தெரியாத ஒருவரின் ஹோர்னுக்காக, ஒரு மனிதர் தம் பிள்ளையின் கொப்பியிலிருந்து சரியான தடிப்பில் ஒரு வட்டம் வெட்டியிருக்கிறார்.

கால் சுற்று

இந்தக் கரையிலே காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலானந்தர், வழக்கொழிந்துபோன யாழைப் பழந்தமிழ் நூல்களிலிருந்து கணக்கிட்டு மீட்க முயன்றவர். அவரது 'யாழ் நூல்' 1947 இல் வெளிவந்தது. அதே வருடம் அவர் மறைந்தார். யாழுக்கு நூல்களில் குறிப்பிருந்தது. கருவி இல்லாமற் போயிற்று. எங்கள் கராஜ்களின் நிலை இதற்கு நேர்மாறு. கருவி இருக்கிறது, குறிப்பு இல்லை. காக்காவின் தலைமுறை தமிழில் ஒரு பக்கமும் எழுதி வைக்கவில்லை. எழுதுவதற்கு எங்களைப் போன்றவர்கள் அவர்களிடம் போகவும் இல்லை. முப்பது வருடங்கள் பத்திரிகையில் இருந்த நான், அமைச்சர்களின் உரைகளை எழுதினேன். இவரைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. ஆகவே அன்று நடந்ததைக் குறிப்பாகவே தருகிறேன்.

முதலில் துருவை மெல்லிய எமரித் தாளால் எடுத்தார்கள். தகட்டை அழுத்தித் தேய்க்கக் கூடாது. அது மெலிந்தால் குரல் மாறும். தொடுமுனைகளுக்கு இடையே எமரித் தாளின் சிறு கீற்றைச் செருகி, இரண்டு மூன்று தடவை இழுத்தார்கள். பின்பு பெற்றோல் தோய்த்த துணியால் தூசு துடைக்கப்பட்டது. அங்கே எண்ணெய் படவே கூடாது. சுருளின் கம்பி அறுந்திருக்கிறதா என்று மகன் மானியால் சோதித்தார்; அறவில்லை. நாட்காட்டி மட்டையொன்றைக் கொப்பி மட்டையோடு சேர்த்துப் பிடித்து, காக்கா தம் விரல்களால் இரண்டின் தடிப்பையும் ஒப்பிட்டார். கண் பார்க்காததை விரல் பார்த்தது. புதிய வட்டம் வெட்டப்பட்டது. நட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்கினார்கள்; ஒரு பக்கம் முதலில் இறுகினால் தகடு கோணும்.

காரில் பூட்டும் இடத்தையும் சுரண்டிச் சுத்தமாக்கினோம். மைனரில் மின்சாரம் பியூஸிலிருந்து முதலில் ஹோர்னுக்குப் போய், பிறகு பித்தான் வழியாகக் காரின் உடலோடு சேர்ந்து சுற்று நிறைவுபெறுகிறது. பித்தானின் அடியில் துரு இருந்தாலும் ஹோர்ன் பேசாது. இந்தக் காரில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும். இன்றைய கார்களுக்கு எதிர்மாறு. பழைய ஹோர்னுக்கு அது ஒரு பொருட்டல்ல, எப்பக்கத்திலிருந்து மின்சாரம் வந்தாலும் காந்தம் காந்தமே. மின்னணு உறுப்புகள் கொண்ட புதிய ஹோர்ன்களுக்கு அது பொருட்டு.

கடைசி வேலை சுருதி சேர்ப்பது. ஹோர்னின் பின்புறத்தில் சிறிய திருகாணி ஒன்று உண்டு. சுரத்தைக் கூட்டிக் குறைக்க அது உதவாது. தேய்வை ஈடுசெய்து, முனைகள் பிரியும் தருணத்தைச் சரியாக்குவதே அதன் வேலை. மகன் திருகினார், காக்கா கேட்டுக்கொண்டிருந்தார். முதலில் இடப்பக்கமாக, சத்தம் முற்றாக நிற்கும் வரை. அந்த நிலையில் பித்தானை அழுத்திக்கொண்டே இருக்கக் கூடாது. சுருளும் பியூஸும் போய்விடும். பிறகு வலப்பக்கமாக, மிக மெதுவாக.

முதலில் கரகரப்பு. பிறகு இருமல். பிறகு ஆட்டுக்குட்டி கத்துவது போல ஒன்று. மகனுக்கு அது போதுமாகப்பட்டது. "வாப்பா, சரி" என்றார். காக்கா கையை உயர்த்தினார். "இன்னும் கொஞ்சம்... கால் சுத்து... நில்லு."

அது வந்தது. உரத்த குரல் அல்ல. சற்று மூக்கால் பேசுவது போன்ற, பணிவும் பிடிவாதமும் கலந்த அந்தக் குரல். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளை ஒதுங்கச் சொன்ன குரல். இன்றைய பேருந்துகளின் காற்று ஹோர்ன் போல் அது எவரையும் திட்டியதில்லை.

காக்கா தம் மகனிடம் சொன்னார்: "இந்தச் சத்தத்த மனசுல வெச்சிக்கோ. பெறகு நான் இரிக்க மாட்டன்."

கூலியைக் கேட்டேன். இம்முறை வாங்கிக்கொண்டார். 1990 ஆம் ஆண்டுக் கூலியையும் சேர்த்துத் தருகிறேன் என்றேன். அவர் சிரித்தார். "அது ஒங்கட அப்பாட கணக்கு. அவரும் நானும் பாத்துக்குவம்" என்றார்.

மாலையில் காரை வீட்டுக்கு எடுத்துவந்தேன். படலையடியில் நிறுத்தி, தந்தையார் செய்வதுபோல் ஒரு தடவை மாத்திரம் அழுத்தினேன். பக்கத்து வீட்டு அம்மம்மா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அவருக்குத் தொண்ணூறு வயது. "மாஸ்டர் வந்திட்டாரா?" என்று கேட்டார். இல்லை, நான்தான் என்றேன்.

ஏழாம் வாய்பாடு எழுதிய அந்த உக்கிய மட்டையைக் காயவைத்து, தந்தையாரின் சாரதி அனுமதிப்பத்திரத்தோடு வைத்திருக்கிறேன். புதிய மட்டையின் உட்புறத்தில், மூடுவதற்கு முன், அன்றைய தேதியை எழுதிவிட்டேன். முப்பது வருடங்களின் பின் இதைத் திறப்பவர் யார் என்று தெரியாது. திறக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும்.